ஆசீர்வாதத்துக்குப் பின் வாசித்தது

போதகர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லி, சபை ‘ஆமென்’ என்று முடிக்கிற அடுத்த நொடியில்தான் எனக்கு வேலை ஆரம்பிக்கும். அந்த நொடியில் மற்ற எல்லோருக்கும் செருப்பு, குடை, பிள்ளை, வீட்டு அடுப்பு என்று ஆயிரம் ஞாபகம் வந்துவிடும். நான் ஆர்கனில் குழாய்களைத் திறந்துவிடுகிற ஸ்டாப் குமிழ்கள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு, கையாலும் காலாலும் கூரை அதிர வாசித்துக்கொண்டிருப்பேன். கீழே ஜனங்கள் ஒருவருடைய பல்வலியை ஒருவர் விசாரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. மனிதர்கள் சந்தோஷமாக வெளியே போவதற்கென்று வாசிக்கிற பாட்டு அது. பேசிக்கொண்டே போனால் போகட்டும்.

அந்தப் பாட்டுகளில் ஒன்று நானே எழுதியது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று டாக்டரே கையை விரித்துவிட்டு, அப்புறம் அவரே ஆச்சரியப்பட்டார். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, யாரும் பிடிக்காமல் நானே கோயிலை விட்டு நடந்து வெளியே வருவேன் என்று அடம்பிடித்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து வாசல்வரை அவள் நடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று வீட்டுக் கூடத்தில் நடக்கவிட்டுக் கணக்குப் பார்த்தேன். நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு எழுதினேன். அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்க நிற்பாள், எந்த இடத்தில் வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் படும் என்பதுவரை அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் ஸ்வரம் எழுதின நோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே, நோட்டு எதற்கு?

அந்தப் பாட்டில் ஒரு ஓட்டை உண்டு. எங்கள் கோயில் ஆர்கன் பழசு. காலால் மிதிக்கிற கட்டைகளில், இடது ஓரத்திலிருந்து இரண்டாவது நீளக் கட்டைக்குச் சத்தமே வராது. அதற்குரிய மரக்குழாயில் மேலிருந்து கீழ்வரை விரிசல். மிதித்தால் காற்றைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். வருஷா வருஷம் கமிட்டிக்கு எழுதிக் கொடுப்பேன், அவர்கள் வருஷா வருஷம் தரைவிரிப்பை மாற்றுவார்கள். என் பாட்டிலோ, கை இரண்டும் உச்சிக்கு ஏறி நின்றதும், அடியிலிருந்து அந்த ஒரே கட்டை எழும்பி எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதே ஸ்வரத்தை மேலே தள்ளி வாசித்துப் பார்த்தேன். கன்றுக்குட்டி கத்தின மாதிரி இருந்தது. சனியன் வேண்டாம் என்று அந்த மூன்று எண்ணிக்கையையும் காலியாக விட்டுவிட்டேன். கையும் சும்மா, காலும் சும்மா. என் தலைக்குள் மட்டும் அந்தக் கட்டை முழங்கும். குழாயைச் சரிசெய்கிற அன்று மிதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினான்கு வருஷமாக அந்த அன்று வரவில்லை.

இப்போது அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர், எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். நல்ல உயரம், நல்ல குரல், எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஆர்கனும் கொஞ்சம் வாசிப்பார், கையால் மட்டும். காலைப் பெஞ்சுக்கு அடியில் விருந்தாளி மாதிரி உட்கார வைத்திருப்பார். எந்தக் குழாய் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பதெல்லாம் அவர் தலையில் விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது.

போன வருஷக் கடைசியில் சபைகளின் சங்கம் ஒரு புத்தகம் போட்டது. ஆராதனை முடிவில் வாசிக்க ஐம்பது பாட்டுகள். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்த குழுவில் அத்தானும் இருந்தார். கட்டு எங்கள் கோயில் அலுவலகத்துக்கு வந்தபோது நான்தான் கத்தரிக்கோலை எடுத்துப் பிரித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் என் பாட்டு இருந்தது. ஒரு ஸ்வரம் பிசகாமல் இருந்தது. மேலே, இசையமைத்தவர் என்ற இடத்தில், அத்தான் பெயர்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு விளக்கம் வேறு எழுதியிருந்தார். “இப்பாடலின் உச்சத்தில் வரும் மூன்று எண்ணிக்கை மௌனம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக தேவனுக்கு முன் படைப்பு முழுவதும் வாயடைத்து நிற்கும் மூன்று கணங்களைக் குறிக்கிறது. நீண்ட ஜெபத்துக்குப் பின் எனக்கு அருளப்பட்டது.” படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விரிசல் விட்ட குழாயை எடுத்து ஆண்டவர் தலையில் கட்டிவிட்டாரே மனுஷன்! சிரித்து முடிப்பதற்குள் புத்தகத்தை அறைந்து மூடினேன். என் அக்கா சாவிலிருந்து எழுந்து நடந்த நடை அது. எந்த ஜெபத்தில் இவருக்கு அருளப்பட்டது?

நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போதகர் வருவார், நாற்காலி போடுவார்கள், குடும்பத்துக்குள்ளே எதற்கு என்பார்கள், எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணி, ஆமென் சொல்லி, மேலே பூசி மெழுகிவிடுவார்கள். புத்தகத்தில் அவர் பெயர் அப்படியே இருக்கும். எனக்குச் சமாதானம் வேண்டாம். அவர் தலை குனிய வேண்டும், அதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், புத்தகம் வந்த பிறகு இரண்டு மாதமும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எதற்காகவும் ஜெபிக்கவில்லை.

கிழமை நாட்களில் எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் சோதித்து எழுதிக் கொடுப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை அத்தானே கடைக்கு வந்து, சோதனை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“நோட்டு சரியா தெரியலம்மா. ஆர்கன்ல நோட்டு கொஞ்சம் தூரமா இருக்கு பாரு. படிக்கிற கண்ணாடி போட்டாலும் மங்கல், போடாட்டியும் மங்கல்.”

“எவ்வளவு தூரம் அத்தான்?”

“ஒரு முழங்கையும் கொஞ்சமும்.”

இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, சோதனைக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். அந்தக் கோலத்தில் யாரைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும். அவரைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை.

“பெரிய கோயில்ல புது ஆர்கன் வந்திருக்கு, தெரியுமில்ல? அதோட பிரதிஷ்டை ஆராதனைக்கு எல்லாச் சபையும் வருது. கடைசியில வாசிக்கிறது என் பாட்டுதான்” என்றார்.

“உங்க பாட்டா?”

வாய் தவறி வந்துவிட்டது. சட்டத்துக்குப் பின்னால் அவர் கண் இரண்டும் ஒருமுறை இங்கும் அங்கும் ஓடின.

“நம்ம குடும்பத்துப் பாட்டுன்னு வெச்சுக்கோயேன். பேர்ல என்னம்மா இருக்கு? மகிமை தேவனுக்குத்தானே.”

மகிமை தேவனுக்கு என்றால் அச்சில் தேவன் பெயரையே போட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சில்லைப் போட்டேன்.

“விஷயம் என்னன்னா, அது ரொம்பப் பெரிய ஆர்கன். நாப்பத்தெட்டு ஸ்டாப்பு. வாசிச்சுக்கிட்டே அதையெல்லாம் இழுக்க எனக்குக் கை பத்தாது. நீ பக்கத்துல நின்னு இழுத்து விடு. பக்கத்தையும் திருப்பிடு. உன்னை விட்டா யாருக்கு அந்தப் பாட்டு தெரியும், சொல்லு?”

இந்த மனுஷனுக்கு எத்தனை தைரியம் பாருங்கள். திருடின வீட்டுக்காரியையே மூட்டை தூக்கக் கூப்பிடுகிறார். கோபத்தில் என் காது சுட்டது. அதே நேரத்தில் மனதுக்குள் ஒரு கதவு திறந்தது. பெரிய கோயில், புது ஆர்கன், உயிருள்ள குழாய்கள், எல்லாச் சபையும்.

“வர்றேன் அத்தான். ஆனா நான் உங்களுக்கு இடது பக்கம்தான் நிப்பேன்.”

“எந்தப் பக்கம் நின்னா என்ன? நில்லு.”

அவருக்குக் கண்ணாடியைத் தப்பாக எழுதிக் கொடுக்க ஒரு நொடி ஆசை வந்தது. பவரில் ஒரு கால் புள்ளி மாற்றினால் போதும், வரிகள் எல்லாம் நீச்சலடிக்கும். செய்யவில்லை. வேலையில் நான் பொய் எழுதியதில்லை. அதோடு, அது சின்ன அடி. கண்ணாடி சரியில்லை என்று தப்பித்துக்கொள்வார். எனக்குத் தப்பிக்கவே வழியில்லாத அடி வேண்டும்.

பிரதிஷ்டைக்கு முந்தின நாள் ஒத்திகை. அத்தான் மாதக்கணக்காகப் பழகியிருந்தார். வாசித்தார், குறை சொல்லக்கூடாது. காலைக்கூட அங்கங்கே தயங்கித் தயங்கி வைத்தார். அந்த மூன்று எண்ணிக்கை வந்ததும் இரண்டு கையையும் காற்றில் உயர்த்தி, கண்ணை மூடி, உதடு அசையாமல் எண்ணினார். பார்க்க உருக்கமாகத்தான் இருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில், பின்னால் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஆர்கன் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“இந்த ரெண்டாவது நீளக் கட்டை பேசுமா?”

“பேசுமாவா? முழு ஸ்டாப்புல அதை மிதிச்சா பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்களுக்கு முதுகெலும்பு கூசும். இப்போ மிதிச்சுப் பாக்குறீங்களா?”

“வேண்டாம். நாளைக்குக் கேட்டுக்கறேன்.”

மறுநாள் காலை கோயில் நிரம்பி, பக்கவாட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். முதல் வரிசையில் அக்கா, புது நீல உடையில். அவளுக்குப் பக்கத்தில் புத்தகத்தைத் தொகுத்த பதிப்பாசிரியர், கட்டம் போட்ட கோட்டு போட்ட மெலிந்த மனிதர். ஆசீர்வாதத்துக்கு முன்னால் அத்தானுக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். புத்தகத்தில் எழுதினதெல்லாம் போதாதென்று மௌனத்தைப் பற்றி இன்னும் ஐந்து நிமிஷம் பேசினார். “அந்த மூணு கணத்துல யாரும் இருமக்கூட வேண்டாம்னு கேட்டுக்கறேன். இன்னைக்கு யாரும் எழுந்து போகாம, முழுசா உக்காந்து கேளுங்க.” சபை பக்தியோடு தலையாட்டியது. நான் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று என் இடது செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினேன்.

ஆமென் முடிந்தது. அத்தான் ஆரம்பித்தார்.

அத்தான் கேட்டபடி எல்லாம் செய்தேன். ஸ்டாப்பை இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன், பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினேன். அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அக்கா மூச்சு வாங்க நின்ற இடம் போயிற்று. வெளிச்சம் முகத்தில் பட்ட இடம் வந்தது. மீதியிருந்த ஸ்டாப்புகள் அத்தனையும் இழுத்தேன். அத்தானின் கைகள் உச்சிக்கு ஏறி, விட்டுவிட்டு, காற்றில் உயர்ந்தன. எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் இடது காலை நீட்டி அந்தக் கட்டையை மிதித்தேன்.

அதை எப்படிச் சொல்வது? சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, தரைக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பதினான்கு வருஷம் என் மண்டைக்குள் மட்டும் இருந்தது வெளியே வந்து, அந்தப் பெரிய கட்டடத்தைப் பிடித்துத் தூக்கியது. அது சரியாக இருந்தது. நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. பழிவாங்கப் போன இடத்தில் எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் காலை எடுக்கவில்லை.

அத்தான் எண்ணிக்கையை விட்டுவிட்டார். பதறிப்போய்க் கையை வைத்தார், தப்பான கட்டைகளில் விழுந்தது. எடுத்தார். மறுபடி வைத்தார், அதுவும் தப்பு. முகத்தில் ஈயாடவில்லை.

“காலை எடு” என்றார், பல்லுக்கிடையில்.

“எடுக்கமாட்டேன்.”

“எடுடி! எல்லாரும் பாக்கறாங்க.”

“உங்களுக்கு அருளப்பட்ட பாட்டுதானே அத்தான்? இங்கேருந்து எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? வாசிங்க.”

அவர் நோட்டைப் பார்த்தார். நோட்டில் மௌனம்தான் அச்சாகியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த கண்ணாடி வழியாக அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். கட்டை முழங்கிக்கொண்டே இருந்தது. முன் வரிசைகளில் தலைகள் திரும்ப ஆரம்பித்தன.

“எழுந்திருங்க” என்றேன்.

பெஞ்சின் வலது ஓரமாக நகர்ந்து எழுந்தார். நான் காலை எடுக்காமலே உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன். இத்தனை பேர் வெளியே போகாமல் உட்கார்ந்து கேட்க நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. ஆராதனையில் கைதட்டக்கூடாது என்று இருந்தவர்களும் தட்டினார்கள்.

பதிப்பாசிரியர் கோட்டுப் பையிலிருந்து புத்தகத்தை உருவிக்கொண்டே ஆர்கன் படிகளில் ஏறி வந்தார். அத்தான் தூணோடு தூணாக நின்றார்.

“நீங்க மிதிச்ச கட்டை புத்தகத்துல இல்லையே! ஆனா அது இல்லாம இந்தப் பாட்டே இல்ல போலிருக்கே?” என்று என்னிடம் கேட்டார்.

“எங்க கோயில் ஆர்கன்ல அந்தக் குழாய் செத்துப்போச்சு சார். சத்தம் வராது. அதனால எழுதும்போது அந்த இடத்தைக் காலியா விட்டேன்.”

“எழுதும்போதா? எழுதினது…”

“நான்.”

அவர் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தார், எதிர்ப்பக்கத்து விளக்கத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். “அப்போ திரியேகம்?” என்றார். படிக்குக் கீழே கூட்டமாக நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருவர். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அத்தான் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி பக்கவாட்டு வாசல் வழியாகப் போனார். இதைத்தான் கேட்டேன், இதுதான் கிடைத்தது. தித்தித்தது. பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. என்னை அணைத்துக்கொள்ள வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கும் சேர்த்துத்தானே செய்தேன்.

“திருப்தியா?” என்றாள்.

“அக்கா, அவர் உன் நோட்டைத் திருடி…”

“அவர் திருடல. நான்தான் எடுத்துக் குடுத்தேன். உன் பேரைப் போட வேண்டாம்னு சொன்னதும் நான்தான்.”

“நீயா?” என்றேன்.

“இருபத்திரண்டு வருஷம் உன் பக்கத்துல நின்னு, எந்த ஞாயிறு எந்தப் பாட்டுன்னு அட்டவணை எழுதின மனுஷன்டி அவர். ஊரெல்லாம் உன் வாசிப்பைத்தான் பேசுது. அவரை யாராவது ஒருநாள் நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்களா? நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எனக்குப் பீ மூத்திரம் அள்ளினது யாரு? நீ பாட்டு எழுதினே. அவர் அள்ளினார்.”

“அதுக்கு என் பாட்டைக் குடுப்பியா?”

“எனக்குன்னு எழுதி எனக்குக் குடுத்ததுதானே? எனக்குக் குடுத்ததை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்.”

வாயில் வந்ததெல்லாம் வசவு. அதையும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் சொன்னதில் ஒரு பக்கம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நினைத்தபோது அத்தான்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அவள்மேல் வந்தது. அவர் எனக்கு வெளியாள். இவள் என் ரத்தம். தெரிந்தே செய்திருக்கிறாள்.

அவள் திரும்பி இறங்க ஆரம்பித்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. நடப்பதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சிரமம் உண்டு.

பதிப்பாசிரியர் எங்கள் பேச்சைக் கேட்காத மாதிரி பேனாவைத் தேடிக்கொண்டிருந்தவர், இப்போது தொண்டையைச் செருமினார்.

“அடுத்த பதிப்பு இந்த வாரமே அச்சுக்குப் போகுது. உங்க பேரைச் சொல்லுங்க, இப்பவே திருத்திடறேன். அந்தக் கட்டையையும் சேர்த்துடலாம்.”

என் பெயரைச் சொன்னேன். எழுத்துப் பிழை வராமல் இருக்க இன்னொரு தடவையும் சொன்னேன். அத்தான் பெயரின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினார். பிறகு பேனா கொஞ்சம் கீழே நகர்ந்து நின்றது. அங்கே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அன்று ஆத்திரத்தில் அவர் பெயருக்குக் கீழே நான் பார்க்கவே இல்லை.

“இங்க ‘என் மனைவிக்கு’ன்னு போட்டிருக்காரு. அதை எடுத்துடணும் இல்லையா? நீங்க இதை யாருக்காக எழுதினீங்கன்னு போட?”

அக்கா மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் கைப்பிடியில் இறுகியது. பதிலுக்காகத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

“யாருக்காகவும் இல்ல” என்றேன், அவளுக்குக் கேட்கும்படி. “அந்த வரியை எடுத்துடுங்க.”